டர்போ வண்டியை மறைத்து விற்கலாமா?

கோயம்புத்தூருக்கு வேகத்தின் மேல் ஆசை இன்றைக்கு வந்தது இல்லை. கரிவரதன் ரேஸ் கார் கட்டிய ஊர், நரேன் கார்த்திகேயனை 2005-ல் எஃப்1 வரை அனுப்பிய ஊர். செட்டிபாளையத்தில் டிராக்கே இருக்கிறது. அதனால் சரவணம்பட்டி ஐ.டி. இளைஞர் ஒருவர் பழைய ஆக்டேவியா ஆர்எஸ் வாங்கி ரீமேப் செய்தால் அதில் ஆச்சரியம் இல்லை. பிரச்சனையே அதை விற்கும்போதுதான்.

டர்போ வண்டியில் முக்கியமான மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. சைலன்சரை மாற்றினால் சத்தம் காட்டிக் கொடுக்கும். கம்ப்யூட்டரில் பூஸ்டை ஏற்றினால் யாருக்குத் தெரியும்? ஆனால் டர்போவும் கிளட்ச்சும் கூடுதல் சூடும் சுமையும் தாங்கித் தேய்ந்திருக்கும். "சிங்கிள் ஓனர்ங்க, ஒரு வேலையும் இல்லைங்க" என்று சொல்லி விற்றால் அந்தச் செலவு வாங்கியவர் தலையில் விழும். பார்த்துத்தானே வாங்கினார் என்பது நியாயமே இல்லை. பார்த்தாலும் தெரியாததை விற்பவர்தான் சொல்ல வேண்டும்.

சட்டமும் இதில் கண்டிப்பு. ஆர்.சி. விவரமும் கம்பெனி கொடுத்த விவரமும் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, இல்லை இரண்டுமே. மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி க்ளெய்மை மறுக்கவும் வழி கிடைக்கிறது.

விற்றவருக்கும் ஆபத்து உண்டு. பணத்தை வாங்கி, சாவியைக் கொடுத்து, "பேர் அப்புறம் மாத்திக்கலாம்" என்று விடுவது நம்மூர் வழக்கம். பல கை மாறிய ஒரு கார் விபத்தில், ஆர்.சி.யில் பேர் இருக்கிறவரே ஓனர், நஷ்டஈடு அவர் பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பூஸ்ட் ஏற்றிய வண்டியைப் புது டிரைவர் கையில் கொடுத்துவிட்டு, பேரை மட்டும் தன்னிடம் வைத்திருப்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம்!

ஒரிஜினல் பாகங்களைத் திரும்ப மாட்டி, ரீமேப்பை எடுத்துவிட்டு, செய்ததையெல்லாம் பில்லோடு காட்டி, 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டு 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்லிவிடுவதுதான் முறை. விலை கொஞ்சம் குறையும். குறையட்டுமே. மாடிஃபிகேஷனுக்குப் போட்ட காசு ஓட்டும்போதே வசூலாகிவிட்டது. அதை இன்னொருத்தர் தலையில் கட்டுவது வியாபாரம் இல்லை, ஏமாற்று.