தொண்டு வணிகமாகும்போது

இந்திய விளையாட்டை வளர்த்தவர்களில் பலர், மாலை நேரங்களில் கைமாறு கருதாமல் சிறுவர்களுக்குப் பயிற்சி அளித்தவர்களே. இன்று நகரங்களில் அந்த இடத்தைத் தனியார் அகாடமிகள் பிடித்துள்ளன. சேர்க்கைக் கட்டணம், மாதக் கட்டணம், சீருடைக் கட்டணம், போட்டிக் கட்டணம் எனக் குழந்தையின் திறமைக்கு முன்பே பெற்றோரின் வருமானம் சோதிக்கப்படுகிறது. தொண்டுள்ளம் மறைந்துவிட்டது என்று புலம்புவது எளிது. அந்தத் தொண்டு எந்த அடித்தளத்தின் மீது நின்றது என்று ஆராய்வதே தேவை.

ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவரது பயிற்சியில் இந்தியக் கால்பந்து அணி 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. சச்சின் டெண்டுல்கரின் பயிற்சியாளர் ரமாகாந்த் அச்ரேக்கர் ஸ்டேட் வங்கியில் பணியாற்றியவர். அவர் பயிற்சி அளித்த மும்பை சிவாஜி பூங்கா பொதுத் திடல். பி.டி.உஷா உருவானது கண்ணூரில் கேரள அரசு நடத்திய விளையாட்டுப் பிரிவில்.

நிலையான வேலை, எட்டு மணி நேர வேலைநாள், அனைவருக்குமான திடல் ஆகியவையே தொண்டைச் சாத்தியமாக்கின. இவை உழைக்கும் மக்கள் போராடிப் பெற்றவை. 1991க்குப் பிந்தைய தாராளமயம் இவற்றையே அரித்தது. ஒப்பந்த வேலையில் பன்னிரண்டு மணி நேரம் உழைத்துத் திரும்பும் இளைஞருக்கு மாலை ஏது? பொதுத் திடல்கள் வாடகைக்கு விடப்படும்போது சிறுவர்கள் எங்கே ஓடுவார்கள்? அந்த வெற்றிடத்தில்தான் வணிகம் நுழைந்தது.

ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்ட ஐபிஎல், அகாடமிகள் விற்கும் கனவுக்கு விளம்பரமாகிறது. அக்கனவின் கட்டணத்தில் 18 சதவீத ஜிஎஸ்டியும் அடக்கம். செலவிட வழியில்லாத குடும்பத்தில் முதலில் விலக்கப்படுவது பெண் குழந்தையே. கட்டணம் செலுத்துவோர் உடனடிப் பலன் கேட்பதால், பொறுமையாக வளர்க்க வேண்டிய உடல் இளம் வயதிலேயே கசக்கப்படுகிறது. பயிற்சியாளருக்கும் விடிவில்லை. வருங்கால வைப்பு நிதியோ பணிப் பாதுகாப்போ இல்லாத ஒப்பந்தத் தொழிலாளியாகவே அவர்களில் பலர் உழைக்கின்றனர்.

இதற்குத் தீர்வு ஊதியமில்லா உழைப்பைப் போற்றுவதல்ல. அங்கன்வாடி, ஆஷா ஊழியர்களைத் தொண்டர்கள் என்று அழைத்தே அவர்களது ஊதிய உரிமையை ஒன்றிய அரசு மறுத்துவருகிறது. பயிற்சியும் உழைப்பே, உழைப்புக்குக் கூலி வேண்டும். அந்தக் கூலியை யார் தருவது என்பதே கேள்வி. பெற்றோரின் பணப்பை தந்தால் விளையாட்டு சிலரின் சலுகையாகும். அரசு தந்தால் அனைவரின் உரிமையாகும்.

அரசுப் பள்ளிகள் அனைத்திலும் நிரந்தர உடற்கல்வி ஆசிரியர், உள்ளாட்சித் திடல்களை வாடகைக்கு விடாமை, அகாடமி ஊழியர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு ஆகிய கோரிக்கைகளை வாலிபர், மாணவர் அமைப்புகள் கையிலெடுக்க வேண்டும். எட்டு மணி நேர வேலைநாளைக் காக்கும் தொழிற்சங்கப் போராட்டம், குழந்தைகளின் மாலை நேரத்தைக் காக்கும் போராட்டமும்கூட.