படி எண்ணுவதும் படிப்பதும்

திருத்தணிகை மலைக்கு 365 படிகளாம், நாளொன்றுக்குப் படியொன்றாம். டிசம்பர் 31-ந் தேதி அவற்றுக்குப் பூசையும் பஜனையும்! கல்லுக்கு இவ்வளவு கவலைப்படும் நாம், வருஷம் முழுதும் நடக்கும் வேறொரு வேலையைப் பற்றிக் கேட்டதுண்டா?

பக்கத்துத் திருப்பதியில் 1954-ல் ஏற்பட்ட வெங்கடேசுவரா சர்வகலாசாலையில் (பெயரில்கூட சாமி!) தென்கிழக்கு ஆசியா, பசிபிக் தேசங்களை ஆராயும் நிலையமொன்று உண்டு. நல்ல காரியமே. ஆனால் 1942-ல் பர்மாவிலிருந்து கால்நடையாய்த் திரும்பியவர்களும், மலேயா ரப்பர்த் தோட்டங்களில் மடிந்தவர்களும் யார்? நம்மவர்களல்லவா? இன்றும் தரகனை நம்பிக் கடன்வாங்கிக் கப்பலேறிய பாட்டனைப்போல விமானமேறிப் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்துத் தவிக்கிறவன் நம் பிள்ளைதானே? பொது ஜனங்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி, அவனுக்குரிய சட்டங்களைத் தமிழிலும் தெலுங்கிலும் சிறு பிரசுரமாக அச்சிட்டு, இந்த மலையடிவாரத்திலேயே கொடுத்தாலென்ன?