நினைவகம் பெருகினால் போதுமா?

பழைய கணினிகளைப் பேணும் அன்பர்கள், இயன்றளவு பெரிய நினைவக அட்டையைத் தேடி அலைவது எனக்கு வேடிக்கையாகவும் வேதனையாகவும் இருக்கின்றது.

1987இல் வெளிவந்த கொமடோர் அமிகா 500 கணினியின் நினைவகம் 512 கிலோபைற். அடிப்புற மூடியைத் திறந்து இன்னுமொரு 512 கிலோபைற் அட்டையைச் செருகினால், அதற்கென எழுதப்பட்ட விளையாட்டுகளிற் பெரும்பாலானவை இயங்கும். அதற்கு மேல் 8 மெகாபைற் 'வேக நினைவகம்' சேர்த்தாலும், அதனை மையச் செயலி மட்டுமே பயன்படுத்தும். படத்தையும் ஒலியையும் ஆளும் சில்லுகளுக்கு அது எட்டாது.

ஆனால், அந்தப் பழைய அட்டைகளின் கடிகாரப் பற்றரி கசிந்து செப்புத் தடங்களை அரிப்பதைப் பற்றி விசாரிப்பவர் அரிது. விசாரியாது வாங்கி ஓர் அட்டையை இழந்தவன் நான். ஆகவே கூறுகின்றேன்: அளவைக் கேட்குமுன் பற்றரியைப் பாருங்கள், வாங்கியதும் அதனை அகற்றுங்கள். கடிகாரம் நின்றால் நட்டமில்லை. கணினி நின்றால்?