பிழைக்க வைத்தது யார்?

நம் மக்களிடம் ஒரு விசித்திரமான கணக்கு இருந்து வருகிறது. வியாதி வந்தால் முன்ஜென்ம வினை. தீர்ந்தால் ஆண்டவன் அருள். நோயாளி செத்துப் போனாலோ ஆஸ்பத்திரிக்காரர்களின் அஜாக்கிரதை. லாபம் முழுவதும் கோயிலுக்கு, நஷ்டம் முழுவதும் நர்ஸுக்கு! இது யோக்கியமான கணக்குத்தானா என்று தோழர்களைக் கேட்கிறேன்.

சென்ற ஆண்டு என் தங்கை மகனுக்கு, எட்டு வயதுப் பையனுக்கு, ரத்தப் புற்றுநோய் கண்டது. பல வாரங்கள் ஆஸ்பத்திரியில் கூட இருந்தேன். நான் அதிகம் படித்தவனல்ல. கேட்டும் பார்த்தும் தெரிந்து கொண்டதையே எழுதுகிறேன்.

இவ்வியாதிக்குக் கொடுக்கும் மருந்து கெட்ட அணுக்களோடு நல்ல அணுக்களையும் அழித்து விடுகிறது. கிருமியோடு போராடுகிற வெள்ளை அணுக்கள் ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 500-க்கும் கீழே இறங்கிவிட்டால், நமக்கு ஒன்றும் செய்யாத கிருமிகூட அந்தப் பிள்ளையைக் கொன்றுவிடும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் ஒரு மணி நேரத்துக்குள் கிருமியைக் கொல்லும் மருந்து ரத்தக் குழாயில் ஏறியாக வேண்டும். நடுராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் காய்ச்சலைக் கண்டு பிடிப்பது யார்? கர்ப்பக்கிருகத்தில் நடை சாத்திப் பள்ளியறை சேர்ந்துவிட்ட சாமியா? விழித்திருக்கிற நர்ஸா?

நித்தியகல்யாணிப் பூவைத் தலைமுறை தலைமுறையாகச் சாமி தலையில் போட்டோம்; ஒரு குழந்தையும் அதனால் பிழைத்ததில்லை. மனிதன் அந்தச் செடியை ஆராய்ந்து வின்கிரிஸ்டின் என்னும் மருந்தை எடுத்தான். 1960-கள் முதல் அது குழந்தைகளைக் காப்பாற்றி வருகிறது. ஆனால் அம்மருந்து ரத்தக் குழாயை விட்டுக் கசிந்தால் சதை வெந்துபோகும். தவறி முதுகுத் தண்டில் ஏற்றிவிட்டால் உயிரே போகும். பெயரையும் அளவையும் ஏற்றும் வழியையும் ஒன்றுக்கு இரண்டு முறை சரி பார்க்கிற கை நர்ஸின் கை.

நிற்க. பையனுக்கு வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருந்த நாளில், என் தங்கையின் மாமியார் ஒரு க்ஷேத்திரத்துத் தீர்த்தத்தைக் கொண்டு வந்து வாயில் ஊற்றப் போனார். பல பேர் கை முக்கிய குளத்துத் தண்ணீர்! நர்ஸ் அம்மாள் ஓடி வந்து பாத்திரத்தைப் பிடித்துக் கொண்டார். உடனே அந்த அம்மையார், "நீ என்ன ஜாதி? தீர்த்தத்தைத் தொட நீ யார்?" என்று கேட்டார். புகார் மேலே போயிற்று. நிர்வாகத்தார் உயிரைக் காத்த நர்ஸையே மன்னிப்புக் கேட்கச் செய்தார்கள். தங்கை அழுது கொண்டிருந்தாளே என்று நானும் அன்று வாய்மூடி இருந்து விட்டேன். இருபது வருஷமாக மேடையில் பேசியவன் பேச வேண்டிய இடத்தில் பேசவில்லை. அதற்காக வெட்கப்பட்டே இதை எழுதுகிறேன்.

அன்று இரவே பையனுக்குத் தட்டணுக்கள் ஏற்றினார்கள். அந்தப் பையிலே ரத்த வகை எழுதியிருந்தது; ஜாதி எழுதியிருக்கவில்லை. அந்த அம்மையாரும் கேட்கவில்லை! லாண்ட்ஸ்டெய்னர் 1901-இல் ரத்த வகைகளைக் கண்டு வெளியிட்டாரே, அதில் பிராமண வகை, பஞ்சம வகை என்று ஏதாவது உண்டா? "எங்கள் சொந்தக்காரன் ரத்தமே வேண்டும்" என்கிறவர்களுக்கு ஒரு செய்தி: இத்தகைய நோயாளிக்கு நெருங்கிய உறவினரின் ரத்தத்தைக் கதிர்வீச்சுக் காட்டாமல் ஏற்றினால், அந்த ரத்தத்தின் அணுக்களே நோயாளியின் உடம்பைத் தாக்கிக் கொல்லக் கூடும். குலப்பெருமையின் யோக்கியதை இவ்வளவுதான்.

பையன் பிழைத்தான். மருந்தினால் கொட்டிய முடி மறுபடி முளைக்கும்வரை காத்திருந்து, கூட்டம் நெரியும் மலைக்கோயிலுக்குத் தூக்கிப் போய் மொட்டை அடித்தார்கள்! வைத்தியம் முடிய இரண்டு மூன்று வருஷம் ஆகும், கூட்டம் ஆகாது என்று நர்ஸ் சொல்லி அனுப்பியதை யாரும் மதிக்கவில்லை. உண்டியலுக்கு ஐயாயிரம் ரூபாய் போயிற்று. நர்ஸுக்கு ஒரு நல்ல வார்த்தைகூடப் போகவில்லை.

மே 12 வந்தால் மந்திரிகளும் முதலாளிகளும் நர்ஸைத் "தெய்வம்" என்று புகழ்கிறார்கள். தெய்வம் என்றால் சம்பளம் கேட்கக் கூடாது என்று அர்த்தமா? கோயில் கல்லுக்காவது ஆறு கால நைவேத்தியம் உண்டு! 50 படுக்கைக்கும் குறைந்த தனியார் ஆஸ்பத்திரிகளில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டுமென்று, சுப்ரீம் கோர்ட் சொல்லி அமைத்த கமிட்டி 2016-இலேயே சிபாரிசு செய்தது. உங்கள் ஊரில் கொடுக்கிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள்.

ஆகவே தோழர்களே! நோயாளியைப் பார்க்கப் போனால் தீர்த்தமும் விபூதியும் மந்திரித்த கயிறும் வேண்டாம். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் போங்கள். தட்டணுக்கள் ஐந்து நாளைக்கு மேல் தங்கா. ஆதலால் உடம்பு இடங்கொடுப்பவர்கள் முறையாக ரத்தம் கொடுங்கள். நர்ஸ் வேலை தீட்டு வேலை என்ற எண்ணத்தை ஒழித்து, பெண்களோடு பையன்களையும் அதற்குப் படிக்க வையுங்கள். நர்ஸுகள் கூலி கேட்டு நின்றால் அவர்கள் பக்கம் நில்லுங்கள். தெய்வம் என்று கும்பிட வேண்டாம். மனிதர் என்று மதித்தால் போதும்.