ஜன்னல் வைத்த கற்றாழை

சித்திரை வெயிலில் சூரமங்கலத்து வீடுகளில் பகல் பதினோரு மணிக்கே ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். வெளிச்சம் வேண்டும், ஆனால் வெக்கை வேண்டாம். என்ன செய்வது? இதே கஷ்டத்துக்கு தென்னாப்பிரிக்காவில் ஒரு சின்னச் செடி வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது. பெயர் ஹாவொர்த்தியா.

இது நம்ம சோற்றுக்கற்றாழைக்கு நெருங்கிய சொந்தம். கற்றாழை மடலைக் கீறினால் உள்ளே கண்ணாடி மாதிரி சோறு இருக்குமே, அது தண்ணீர் சேமிக்கும் இடம். கற்றாழையில் பச்சைத் தோல் அதை முழுக்க மூடியிருக்கும். சில ஹாவொர்த்தியாக்களில் இலை நுனியில் மட்டும் அந்தப் பச்சை இருக்காது. உள்ளே இருப்பது பளிங்கு போல வெளியே தெரியும். அதுதான் 'ஜன்னல்'. 1910இல் பெயரிடப்பட்ட ட்ரங்கேட்டா என்ற இனத்தைப் பார்த்தால், யாரோ இலைகளைக் கத்தியால் ஒரே மட்டமாக நறுக்கி வரிசையாக அடுக்கினது போல இருக்கும்.

லிட்டில் கரூ என்ற வறண்ட பகுதிதான் இதற்குச் சொந்த ஊர். அங்கே செடி மண்ணுக்குள் புதைந்து கிடக்கும், நுனி மட்டும் வெளியே. ஜன்னல் வழியாக வெளிச்சம் இறங்கி, மண்ணுக்கடியில் இருக்கும் பச்சைக்குப் போய்ச் சேரும். தண்ணீர் வீணாகாது, மேய வரும் பிராணிகளின் கண்ணிலும் சுலபத்தில் படாது.

ஆக, இந்த அழகு காட்டிக்கொள்ள வந்ததில்லை, ஒளிந்துகொள்ள வந்தது. ஆனால் நடப்பது என்ன? நிழலில் கொழுகொழுவென்று வளர்த்த செடியின் போட்டோவைப் பார்த்து ஆசையாய் வாங்குகிறார்கள். மொட்டைமாடி வெயிலில் வைத்ததும் அது சிவந்து சுருங்குகிறது. உடனே "ஏமாத்திட்டாங்க" என்று புலம்பல்! யாரும் ஏமாற்றவில்லை. செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய கொடுமை ஒன்று இருக்கிறது. கோனோஃபைட்டம் என்று இன்னொரு வகை, அதிலும் ஜன்னல் உள்ள இனங்கள் உண்டு. 2019க்குப் பிறகு தென்னாப்பிரிக்காவில் காட்டிலிருந்து பிடுங்கிய இந்தச் செடிகள் லட்சக்கணக்கில் பிடிபட்டிருக்கின்றன. சேகரிப்பவர்களின் ஆசைதான் காரணம். ஹாவொர்த்தியாவோ விதையிலும் வளரும், பக்கக் கன்றிலும் வளரும், இலையைக் கிள்ளி வைத்தாலும் வளரும். பிறகு காட்டில் ஏன் கை வைக்க வேண்டும்?

வாங்குகிறவர்கள் விலையைக் கேட்கும் முன்பு, நர்சரியில் வளர்த்ததா என்று கேட்கட்டும். பதில் மழுப்பலாக வந்தால் வாங்காமல் வந்துவிடட்டும். இந்த ஊர் வெயிலுக்கு, காலை வெளிச்சம் படும் திண்ணையோரமே அதற்குப் போதும். ஒளிந்து வாழக் கற்றுக்கொண்ட செடியை, அழகாயிருக்கிறது என்பதற்காகத் தோண்டியெடுத்து அழிப்பது அநியாயம்தானே?