ஆயிரம் ரூபாய் கேபிள் வேண்டாம், போர்ட்டைப் பாத்துக்கோங்க!

எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ்னு பேசிக்கிட்டிருந்த இடத்துல இன்னைக்கு ஹெச்டிஎம்ஐ கேபிள் எதுக்குன்னு கேப்பீங்க. காரணம் இருக்கு. வீட்ல இருந்து வேலை பாக்குறதுக்காக தனியா மானிட்டர் வாங்குறவங்க, 'கோல்டு பிளேட்டட்', '8கே'ன்னு எழுதின கேபிளுக்கு தாராளமா செலவு பண்றாங்க. ஆனா பெரிய செலவு காத்திருக்கிற இடம் லேப்டாப் பக்கவாட்டுல இருக்குற அந்தச் சின்ன போர்ட். கேபிள் போனா வேற வாங்கிக்கலாம். போர்ட் போனா மதர்போர்டு வரைக்கும் போகும்.

1987-ல ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ-வை நினைச்சுப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ இருக்கும். கேபிளோட எடை, இழுப்பு எல்லாத்தையும் அந்த ஸ்க்ரூ தாங்கிக்கும். (யாராவது கால் இடறினா மானிட்டரே கீழ வந்துடும், அது வேற கதை.) 1999-ல வந்த டிவிஐ-லயும் ஸ்க்ரூ இருந்துச்சு. 2002 கடைசியில வந்த ஹெச்டிஎம்ஐ-ல அது இல்லை. டிவி கம்பெனிகள் சேர்ந்து உருவாக்கினது அது. டிவிக்குப் பின்னாடி ஒரு தடவை சொருகினா வருஷக்கணக்குல அப்படியே கிடக்கும். அதனால வெறும் இறுக்கத்துல நிக்குற பிளக்கே அங்க போதுமானதா இருந்துச்சு. நாம அதையே தினமும் இடம் மாறுற லேப்டாப்ல சொருகுறோம்.

அப்போ தினமும் சொருகி எடுத்தா தேஞ்சு போயிடுமா? கணக்கு போட்டுப் பாப்போம். சாதாரண ஹெச்டிஎம்ஐ கனெக்டர் 10,000 தடவை சொருகி எடுத்தாலும் தாங்கணும்ங்கறது விதி. வருஷத்துக்கு 250 வேலை நாள், ஒரு நாளைக்கு ரெண்டு தடவைன்னு வெச்சாலும் 500தான். 20 வருஷம் ஓடும். அதுக்குள்ள நீங்க நாலு லேப்டாப் மாத்தியிருப்பீங்க.

போர்ட்டைக் கெடுக்குறது பக்கவாட்டு அழுத்தம். மேஜை ஓரத்துல தொங்குற தடி கேபிள், சொருகின நிலையிலேயே லேப்டாப்பை மடிக்கு நகர்த்துறது, கட்டை மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குற அடாப்டர், இதெல்லாம் கடப்பாரை போட்டு நெம்புற மாதிரி. உள்ளே சால்டரிங் விட்டுப்போகும். முதல்ல திரை மினுக்கும். அப்புறம் கேபிளை ஆட்டினாதான் படமே வரும். அந்த நிலைமை வந்தா முதல்ல வேற கேபிள் போட்டுப் பாருங்க. அதுலயும் அப்படியேன்னா போர்ட்டைச் சந்தேகப்படலாம்.

நிறைய லேப்டாப்ல அந்த போர்ட் மதர்போர்டுலயே ஒட்டியிருக்கும். அதனால சர்வீஸ் சென்டர்ல போர்டையே மாத்தணும்னு சொல்ல வாய்ப்பு அதிகம். உடைஞ்சது, வளைஞ்சதெல்லாம் பொதுவா வாரண்டில வராது. சிப் லெவல் சர்வீஸ் பண்ற கடையில போர்ட்டை மட்டும் மாத்தித் தருவாங்க. செலவு குறையும், ஆனா வாரண்டி மிச்சம் இருந்தா யோசிச்சுட்டு கொடுங்க.

ஆபீஸ் லேப்டாப்னா இன்னும் கவனம். வேலையை விடும்போது அதைச் செக் பண்ணித்தான் வாங்குவாங்க. சேதத்துக்கு ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்ல பிடிக்கிற கம்பெனிகளும் உண்டு. உங்க கம்பெனி பாலிசில என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை படிச்சிருங்க.

என்னைக் கேட்டா, சில நூறு ரூபாய்ல கிடைக்கிற, தேவையான நீளத்துக்கு மட்டும் இருக்குற, வளையுற கேபிள் போதும். அதை மேஜைக் காலோட ஒரு வெல்க்ரோ பட்டையில கட்டிட்டா இழுப்பு போர்ட்டுக்குப் போகாது. அடாப்டர் வாங்கினா கட்டை டைப் வேண்டாம், குட்டி வயர் வெச்சதா வாங்குங்க.

டிஸ்ப்ளேபோர்ட்ல பல கேபிளுக்கு கொக்கி இருக்கும். பட்டனை அமுக்காம இழுத்தீங்கன்னா போர்ட்டும் சேர்ந்து வரும். யூஎஸ்பி-சி-ல ஸ்பிரிங் எல்லாம் பிளக்குல இருக்கு, அதனால தேய்மானம் பெரும்பாலும் கேபிளுக்குத்தான். ஆனா போர்ட்டுக்குள்ள இருக்குற நாக்கு ரொம்ப மெல்லிசு. சார்ஜும் அது வழியாத்தான்னா, மானிட்டர் கேபிளுக்கு இன்னொரு போர்ட் இருந்தா அதைப் பயன்படுத்துங்க. படம் போனா சமாளிக்கலாம், சார்ஜே ஏறலைன்னா அன்னைக்கு லீவுதான்.