திசைப் பெயரில் ஒரு தீவு

சிங்கப்பெருமாள் கோயிலில் புறப்பட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வழியாகத் திருவள்ளூர் போகிறவர் ஒரே சாலையில் மூன்று மாவட்டங்களைக் கடக்கிறார். புறப்படும் இடம் செங்கல்பட்டு மாவட்டம். கார், லாரி, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள் வரிசைகட்டி நிற்கும் நடுப்பகுதி காஞ்சிபுரம் மாவட்டம். போய்ச் சேரும் ஊரோ தனக்கென ஒரு மாவட்டத்துக்கே தலைநகர். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் கண்ணயரும் தொழிலாளிக்கு எல்லை எங்கே வந்தது, எங்கே போனது என்று தெரியாது. 1997 வரை இந்த ஊர்களெல்லாம் ஒரே மாவட்டம். அந்த ஆண்டு காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாயிற்று. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனியே பிரிந்தது. பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் எந்த கலெக்டர் ஆபீஸுக்குப் போவது என்று கொஞ்ச நாள் குழம்பிய மக்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அதே ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி நினைவிடம் இருக்கிறது. 1991 மே 21 இரவு அங்கே நடந்ததைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. அந்தக் கொலைக்கு முன்னால் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை, அதற்கு முன்னால் 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் கையெழுத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தம் என்பதும் பலருக்கு நினைவிருக்கும். அந்த ஒப்பந்தம் எதைப் பற்றியது என்று கேட்டால்தான் பதில் தயங்கி வருகிறது. அது இரண்டு மாகாணங்களைப் பற்றியது. இலங்கையின் வட மாகாணத்தையும் கிழக்கு மாகாணத்தையும் ஒன்றாக்குவது, அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட சபை ஒன்றை அமைப்பது ஆகியவையே அதன் மையம். அந்த மாகாணங்களை வரைந்தது கொழும்பும் அல்ல, டெல்லியும் அல்ல. 1833இல் ஒரு பிரிட்டிஷ் கவர்னரின் ஆட்சி வரைந்த கோடுகள் அவை.

கதை தொடங்குவது சென்னையில். 1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராகப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, 1767 முதல் 1774 வரை அதன் கிராமங்களைப் பர்னார்டு என்ற பொறியாளரைக் கொண்டு ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தது. ஏரி எத்தனை, வீடு எத்தனை, நிலம் எவ்வளவு, யாருக்கு என்ன பங்கு என்றெல்லாம் குறித்துக்கொண்டது. இப்படிக் கிராமத்தை வருவாய்க் கணக்காகப் பார்க்கப் பழகிய சென்னை ஜார்ஜ் கோட்டையின் கைக்குத்தான் 1796இல் டச்சுக்காரர்களிடமிருந்த இலங்கைக் கரையோரம் போய்ச் சேர்ந்தது. ஜார்ஜ் கோட்டை தன் வருவாய் அதிகாரிகளை அனுப்பியது. அவர்களோடு துபாஷிகளும் அமில்தார்களும் கப்பலேறினார்கள். அங்கே தலைமுறை தலைமுறையாக ஊர் நிர்வாகம் பார்த்துவந்த முதலியார்கள் ஒதுக்கப்பட்டார்கள். தென்னை மரத்துக்கு வரி விழுந்தது. 1797இல் கரையோரம் கலகத்தில் இறங்கியது. டி மியூரான் தலைமையிலான விசாரணைக் குழு பழைய முறைக்கே திரும்பச் சொன்னது. 1798இல் பிரெடரிக் நார்த் கவர்னராக வந்தார். 1802இல் தீவு கம்பெனியின் கையைவிட்டு முழுமையாக மன்னராட்சியின் கீழ் போயிற்று. தமிழ்நாட்டு வரலாற்றுப் பாடத்தில் 1796 முதல் 1798 வரையான அந்த இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு வரி கிடைப்பதே அரிது. ஓர் ஊரில் பழகிய கணக்கை இன்னோர் ஊரில் அப்படியே போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

1815இல் கண்டி அரசும் வீழ்ந்தது. மலைநாட்டையும் கரையோரத்தையும் முதலில் தனித்தனியாகவே ஆண்டார்கள். 1817–18இல் ஊவாவிலும் வெல்லச பகுதியிலும் வெடித்த பெருங்கிளர்ச்சி ஆட்சியாளர்களை உலுக்கியது. அதை அடக்கிய பிறகும் கண்டி மக்களின் தனி உணர்வு லண்டனை உறுத்திக்கொண்டே இருந்தது. கூடவே, தீவை ஆள ஆகும் செலவு வருமானத்தைத் தின்றது. இரண்டுக்கும் வழி சொல்ல அனுப்பப்பட்டவர்கள் கோல்புரூக்கும் கேமரனும். அவர்கள் அறிக்கையில் பாராட்ட நிறையவே உண்டு: ராஜகாரிய என்ற கட்டாய உழைப்பு ஒழிந்தது, நீதிமன்றங்கள் ஒருமுகமாயின, சட்ட நிரூபண சபை பிறந்தது. அதே கையோடுதான் வரைபடமும் மாறியது.

1833 அக்டோபர் முதல் தீவில் ஐந்து மாகாணங்கள். வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு, மத்தி. பெயர்களைப் பாருங்கள், திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வைத்த பெயர்கள். நுவரகலாவிய, தமன்கடுவ, ஏழு கோறளை, சப்ரகமுவ என்று மக்கள் நாவில் வழங்கிய நாடுகளின் பெயர்கள் மாகாணப் பெயர்களில் இடம்பெறவில்லை. கண்டி அரசின் நிலம் பங்குபோடப்பட்டது. அனுராதபுரத்தை உள்ளடக்கிய நுவரகலாவிய வட மாகாணத்தோடு போனது. தமன்கடுவ கிழக்கோடு. சப்ரகமுவவும் கீழ் ஊவாவும் வெல்லசவும் தெற்கோடு. ஏழு கோறளையும் நான்கு கோறளையும் மேற்கோடு. எஞ்சியதற்கு மத்திய மாகாணம் என்று பெயர். ஒவ்வொரு துண்டும் ஒரு கரையோர நகரத்தில் இருந்த, நம் கலெக்டரைப் போன்ற அரசாங்க அதிபரைப் பார்த்து நிற்கும்படி ஆயிற்று. கண்டியர் மீண்டும் ஓர் உடம்பாக எழாதிருக்கவே இது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். செலவைக் குறைக்கும் நோக்கமும் சேர்ந்தே இருந்தது.

மலைநாட்டைக் கூறுபோடத் தீட்டிய கத்தி தமிழ் பேசுவோரையும் விடவில்லை. வடக்கு ஒரு மாகாணம், கிழக்கு இன்னொன்று. புத்தளமும் சிலாபமும் மேற்கோடு. யாழ்ப்பாணத்தாரையோ மட்டக்களப்பு வன்னியனார்களையோ யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அனுராதபுரத்து விவசாயியையும் கேட்கவில்லை. அவர் இனி தன் குறையைச் சொல்ல வடக்கே சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, தன் மொழி வழங்காத யாழ்ப்பாணக் கச்சேரியை நோக்கி நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் கச்சேரி என்றால் இப்போது பாட்டுதான் நினைவுக்கு வரும். இலங்கைத் தமிழர் இன்றும் அரசாங்க அதிபரின் அலுவலகத்தைக் கச்சேரி என்றே சொல்கிறார்கள்.

அந்த யாழ்ப்பாணக் கச்சேரியில் 1829 முதல் 1867 வரை, இடையில் சிறிது காலம் தவிர, பெர்சிவல் டைக் என்ற ஒரே மனிதர் கோலோச்சினார். வடக்கின் ராஜா என்று அவரைச் சொன்னார்கள். அவர் மரம் நட்டு வளர்த்த வளவு இன்றும் யாழ்ப்பாணத்தில் பழைய பூங்கா என்ற பெயரில் நிற்கிறது. பின்னால் வந்த ட்வைனம் 1896 வரை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அதே நாற்காலியில் இருந்தார். தேர்தல் இல்லை, சபை இல்லை. மாகாணம் என்றால் ஒரு மனிதரின் விருப்பு வெறுப்பு. நல்லவர் வாய்த்தால் குளம் தூர்வாரப்படும், சாலை வரும். இல்லாவிட்டால் மனு போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஐந்து போதவில்லை என்று அந்த ஆட்சிக்கே சீக்கிரம் புரிந்தது. 1845இல் வடமேல் மாகாணம் பிரிந்தது. 1873இல் கவர்னர் கிரெகரி நுவரகலாவியவை வடக்கிலிருந்தும் தமன்கடுவவைக் கிழக்கிலிருந்தும் எடுத்து வடமத்திய மாகாணத்தை உண்டாக்கினார். தூர்ந்துபோன பழங்குளங்களைச் சீராக்கி அந்த வறண்ட நாட்டுக்கு நெல்லைத் திரும்பக் கொண்டுவருவது அவர் கனவு. நாற்பது ஆண்டுகள் யாழ்ப்பாணத்தின் கடைக்கோடியாகக் கிடந்த அனுராதபுரம் ஒரு மாகாணத்தின் தலைநகரானது. 1886இல் ஊவா, 1889இல் சப்ரகமுவ. ஒன்பது மாகாணங்களில் இவை இரண்டுக்கு மட்டுமே சொந்தப் பெயர் திரும்பக் கிடைத்தது; மற்ற ஏழும் இன்றுவரை திசைப் பெயரிலேயே வாழ்கின்றன. 1889க்குப் பிறகு எண்ணிக்கை மாறவில்லை. தமிழ்நாட்டின் பரப்பில் பாதி அளவுள்ள தீவுக்கு அந்த ஒன்பதும் நிலைத்துவிட்டன.

காலம் செய்த வேலை இதற்குப் பிறகுதான். நிர்வாக வசதிக்காக வைத்த திசைப் பெயர் மெல்ல மெல்ல மக்களின் பெயராயிற்று. சுதந்திரத்துக்குப் பின் மொழியுரிமை பறிபோனபோது, கல்லோயா போன்ற திட்டங்களால் கிழக்கில் குடியேற்றம் பெருகியபோது, தமிழர் தங்கள் நிலத்தைக் குறிக்கத் தேடி எடுத்த சொல் ‘வடக்கு கிழக்கு’. அது பிரிட்டிஷ் எழுத்தர் கோப்பில் இருந்த சொல். கண்ணீரும் ரத்தமும் ஊறி அது தாயகத்தின் பெயராகிவிட்டது. அந்நியன் வைத்த பெயர்தானே என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஐந்து தலைமுறைகள் அந்தக் கோட்டுக்குள் வரி கட்டி, வழக்காடி, படித்து, வாழ்ந்து, புதைந்த பிறகு கோடு அவர்களுடையதாகிவிடுகிறது.

ஆனால் கோட்டுக்குள் வாழ்ந்தவர்களிடம் யாரேனும் கருத்துக் கேட்டார்களா என்பதே இங்கே எழும் கேள்வி. 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தம் வடக்கை ஒரு பிராந்தியமாகவும் கிழக்கை இரண்டு அல்லது மேற்பட்ட பிராந்தியங்களாகவும் வைத்து, விரும்பினால் மாகாண எல்லையைத் தாண்டியும் அவை இணையலாம் என்று இடம் கொடுத்தது. இணைவதா வேண்டாமா என்பதை அந்தந்தச் சபைகளிடமே விட்ட ஏற்பாடு அது. மறு ஆண்டே கிழித்தெறியப்பட்டது. 1987 ஒப்பந்தம் இரு மாகாணங்களையும் தற்காலிகமாக இணைத்து, கிழக்கு மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்வதாகச் சொன்னது. 1988 இறுதிக்குள் நடக்க வேண்டிய அந்த வாக்கெடுப்பு மீண்டும் மீண்டும் தள்ளிப்போனது, ஒருபோதும் நடக்கவில்லை. கிழக்கின் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது அப்படியே நின்றது. 2006 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இணைப்பு செல்லாது என்றது. 2007 பிறந்ததும் இரண்டும் பிரிந்தன. பிரித்தபோதும் மக்களைக் கேட்கவில்லை. 1833 தொடங்கி மூன்று முறை, மூன்று வேறு அதிகாரங்கள், மூன்று முறையும் மக்கள் வெளியே.

அவர்களைக் கேட்ட ஒரே வழி மாகாண சபைத் தேர்தல். 2013 செப்டம்பர் 21 அன்று வடக்கு முதன்முறையாகத் தன் தனிச் சபைக்கு வாக்களித்தது. உள்நாட்டுப் போர் முடிந்து நான்கே ஆண்டுகள். முள்வேலி முகாம்களிலிருந்து ஊர் திரும்பியவர்கள் வரிசையில் நின்றார்கள். 38 இடங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்றது, விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். அந்தச் சபையின் கையில் நிலமும் போலீஸும் சரிவரத் தரப்படவில்லை என்பது உண்மை. ஆளுநரின் கை மேலோங்கியிருந்தது என்பதும் உண்மை. இருந்தும் அது அவர்கள் தேர்ந்தெடுத்தது.

2018 அக்டோபரில் அதன் ஆயுள் முடிந்தது. அடுத்த ஆண்டுக்குள் ஒன்பது மாகாண சபைகளும் காலாவதியாயின; புதிய தேர்தல் நடக்கவில்லை. காரணம், மறுபடியும் கோடு. 2017இல் தேர்தல் முறையை மாற்றியபோது தொகுதிகளைப் புதிதாக வரைய வேண்டியிருந்தது. வரைந்த அறிக்கை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஆதரித்து ஒரு வாக்குகூட விழவில்லை. பழைய முறைக்குத் திரும்பவும் இல்லை, புதிய முறையை முடிக்கவும் இல்லை. 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோதும் மாகாண சபைத் தேர்தல் அதோடு சேரவில்லை.

ஒரகடம் வட்டாரத்துக்காரர்களுக்கு இது அந்நியமான அனுபவம் இல்லை. 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. 2019இல் மாவட்டங்களைப் பிரித்ததும், தொகுதி மறுவரையறை முடியாமல் தேர்தல் கூடாதென்று உச்ச நீதிமன்றம் ஒன்பது மாவட்டங்களில் தேர்தலை நிறுத்திவைத்தது. காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் அவற்றில் உண்டு. 2021 அக்டோபர் வரை, ஐந்து முழு ஆண்டுகள், தனி அலுவலர்களே ஊரைப் பார்த்துக்கொண்டார்கள். தொழிற்சாலைகள் எழுந்து, வடமாநிலத் தொழிலாளர் குடியிருப்புகள் பெருகி, குடிநீரும் குப்பையும் அன்றாடப் பிரச்சினையாயிருந்த வட்டாரத்தில் கிராம சபையில் பதில் சொல்ல ஒரு தலைவர் இல்லை. நீதிமன்றம் கெடு விதித்ததால்தான் அது முடிவுக்கு வந்தது. கோடு வரைகிறோம் என்ற பெயரில் தேர்தல் தள்ளிப்போனால் எப்படியிருக்கும் என்று அந்த வட்டாரத்துச் சுங்குவார்சத்திரத்துக்காரருக்குத் தெரியும். இலங்கை வடக்கின் மன்னாரிலும் கிழக்கின் மூதூரிலும் அதே நிலை, ஆனால் அங்கே தள்ளிப்போவது குடிநீர்க் குழாயோடு நிற்பதில்லை. நிலமும் மொழியும் ஒரு மக்களின் பாதுகாப்பும் அதில் அடங்கியிருக்கின்றன.

1987 ஒப்பந்தத்தில் இந்தியாவின் கையெழுத்து இருக்கிறது. ஒவ்வொரு சந்திப்பிலும், மாகாண சபைகளை உருவாக்கிய இலங்கை அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தைப் பற்றிப் பேசும் டெல்லி, அடுத்த முறை ஒரே ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: தேர்தல் தேதி என்ன? தமிழ்நாட்டுக் கட்சிகளும் மேடையில் உருகுவதை விட்டுவிட்டு அந்தத் தேதியைக் கேட்க வேண்டும். மறுவரையறை முடியும்வரை பழைய விகிதாசார முறையிலேயே நடத்த நாடாளுமன்றத்தில் ஒரு சிறு திருத்தம் போதும். வடக்கும் கிழக்கும் இணைய வேண்டுமா, எப்படி, முஸ்லிம்களுக்கு என்ன ஏற்பாடு என்பதையெல்லாம் அந்த இரு சபைகளில் உட்கார்ந்து அங்குள்ளவர்கள் பேசட்டும்.

யாழ்ப்பாணத்துக்கு வெளியே கைதடியில் வட மாகாண சபையின் கட்டடம் இருக்கிறது. 2018 அக்டோபருக்குப் பிறகு மாகாண நிர்வாகம் ஜனாதிபதி நியமித்த ஆளுநரின் கையில். சபை மண்டபத்தின் 38 நாற்காலிகளுக்கும் உரியவர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளுக்காக வடக்கின் வாக்காளர்கள் காத்திருக்கிறார்கள்.